நிலாவில் விழுந்தது குண்டு அல்ல, பயந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினோரு வருடமாகக் கலிபோர்னியாவில் இருக்கிறேன். காலையில் காபி போடும்போதே இன்டர்நெட்டில் உங்கள் பத்திரிகையைத் திறந்துவிடுவேன், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். அக்டோபர் முதல் வாரத்தில் 'நிலா மீது குண்டு வீசுகிறது அமெரிக்கா' என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டீர்கள். எல்கிராஸ் என்ற திட்டத்தில் தண்ணீர் தேடி ஒரு காலி ராக்கெட்டை நாசா நிலாவில் மோதவிடப் போகிறது என்பதற்குத்தான் அந்தத் தலைப்பு. அந்தக் 'குண்டு' நிலாவில் தண்ணீர் இருப்பதைக் காட்டிக் கொடுத்தது என்று நவம்பர் 13 அன்று நாசா அறிவித்ததை மட்டும் உள்பக்கத்தில் ஏழே வரியில் முடித்துவிட்டீர்கள். முதல் செய்தியைப் படித்துவிட்டு என் அம்மா ரெண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. இரண்டாவது செய்தி அவள் கண்ணிலேயே படவில்லை, நான்தான் தேடி எடுத்துப் படித்துக் காட்டினேன்.

அம்மா நாகப்பட்டினத்துக்காரி. ஆகஸ்டில் இங்கே வந்தாள். உங்கள் செய்தியைப் படித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி, நிலாவைப் போய் இடிச்சா கடல் சும்மா இருக்குமா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தும்விட்டேன். கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான், அந்தத் திமிராக இருக்கலாம். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி. அன்று காலை மாமா வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர் வந்தது, பக்கத்துத் தெருவில் பலர் திரும்பி வரவே இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். பௌர்ணமி நிலா இழுத்ததால்தான் கடல் எழும்பியது என்று ஊரில் அப்போது ஒரு பேச்சு இருந்தது. சுமத்ரா பக்கத்தில் கடலடியில் வந்த பூகம்பம்தான் காரணம் என்று அம்மாவுக்கும் தெரியும், நானே படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஆனாலும் கடலையும் நிலாவையும் சேர்த்து ஒரு செய்தி வந்தால் அவள் வயிறு கலங்கத்தான் செய்யும். கலங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அன்று சாயங்காலம் பேப்பரும் பேனாவுமாக அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போது செய்த கணக்கை இங்கேயும் எழுதிவிடுகிறேன், அம்மாவைப் போல உங்கள் வாசகர்களில் இன்னும் எத்தனை பேர் பயந்தார்களோ தெரியாது. நிலாவில் மோதப்போவது ஒரு காலி ராக்கெட் பகுதி, பெயர் சென்டார். நீளம் ஒரு பஸ் அளவு, எடை சுமார் 2,300 கிலோ, அதாவது இங்கே ரோட்டில் ஓடும் பெரிய எஸ்யூவி கார் ஒன்றின் எடை. நிலாவின் எடையைக் கிலோவில் எழுத 7 போட்டு அதன் பின்னால் 22 சைபர் போட வேண்டும். அம்மா ஒவ்வொரு சைபராக விரல் வைத்து எண்ணினாள். சென்டார் மணிக்கு 9,000 கிலோமீட்டர் வேகத்தில் போய் இடித்தாலும், அந்த இடியினால் நிலாவின் பாதையில் ஒரு வருடத்தில் வரும் மாற்றம் ஒரு தலைமுடியின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் வெடிமருந்து எதுவும் கிடையாது. மிச்சமிருந்த எரிபொருளைக்கூட முன்னதாகவே வெளியேற்றிவிட்டார்கள். சென்டாரின் எரிபொருள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், ரெண்டும் சேர்ந்தால் தண்ணீர். நாமே கொண்டுபோன தண்ணீரைப் பார்த்துவிட்டு நிலாவின் தண்ணீர் என்று ஏமாந்துவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதை அது. அம்மாவுக்கு இந்த விஷயம் ரொம்பப் பிடித்துப்போனது. "அவ்வளவு யோசிச்சுத்தான் செய்யுறாங்களா?" என்றாள். குரலில் பயம் பாதி இறங்கிவிட்டது.

இதற்குப் போய் 'குண்டு' என்ற சொல் எதற்கு? உங்களை மட்டும் சொல்லவில்லை. இங்கே ஆங்கிலப் பத்திரிகைகளும் டிவிக்காரர்களும் அதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். அதன் விளைவைக் கண்ணால் பார்த்தேன். ட்விட்டரில் 'நிலா நமக்கு என்ன தீங்கு செய்தது' என்று ஆட்கள் எழுதினார்கள், மோதலை நிறுத்தச் சொல்லி ஆன்லைனில் கையெழுத்து வாங்கினார்கள், கடல் அலை மாறிவிடும் என்றார்கள், பெண்களின் மாதச் சுழற்சி கெட்டுவிடும் என்றுகூட ஒரு பேச்சு ஓடியது. அக்டோபர் 9 அதிகாலை இங்கே மணி ரெண்டு இருக்கும்போது அதிபர் ஒபாமாவுக்கு அமைதி நோபல் என்று அறிவிப்பு வந்தது, ரெண்டரை மணி நேரம் கழித்து மோதல். கேட்க வேண்டுமா, அன்றைக்கு முழுக்க 'நிலாவில் குண்டு போட்டவருக்கு அமைதிப் பரிசா' என்பதுதான் எல்லோர் வாயிலும். எங்கள் ஆபீஸ் கேன்டீனிலும் அதே பேச்சு. அங்கே ஒரு பெண் மட்டும், "எனக்கு என்னமோ மனசு கஷ்டமா இருக்கு, நிலா எல்லாருக்கும் பொதுவானது இல்லையா, யாரைக் கேட்டுச் செய்தார்கள்?" என்றாள். மேஜையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துபோய்த் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சில நாள் முன்பு என் வீட்டில் அம்மா எழுந்து போன மாதிரியே இருந்தது எனக்கு.

அந்தக் கேன்டீன் காட்சிக்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். மக்கள் ரெண்டு விதமாகக் கேட்டார்கள். கடலுக்கு ஏதாவது ஆகுமா என்பது ஒன்று. அதற்கு விடை கணக்கில் இருக்கிறது, பொறுமையாகச் சொன்னால் தீர்ந்தது. யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்பது இன்னொன்று, அதற்குக் கணக்கில் விடை கிடையாது. ரெண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'அறிவியல் தெரியாத ஜனங்கள்' என்று ஒதுக்கிவிட்டால், முதல் கேள்வி கேட்டவருக்குப் பயம் போகாது, இரண்டாவது கேள்வி கேட்டவர் இனி வாயே திறக்கமாட்டார்.

அந்த இரண்டாவது கேள்வி ஒன்றும் புதிதல்ல. ஷூமேக்கர் என்று ஒரு பெரிய நிலவியல் அறிஞர், நிலாவுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு உடல்நிலை இடம் கொடுக்காமல் போனவர். அவர் இறந்தபின் அவருடைய அஸ்தியில் கொஞ்சத்தை 1998 ஜனவரியில் லூனார் பிராஸ்பெக்டர் என்ற கலத்தில் வைத்து நாசா அனுப்பியது. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் இந்த மண்ணின் பூர்வகுடிகளான நவாஹோ மக்களுக்கு நிலா புனிதமானது, இறந்தவரின் அஸ்தியை அங்கே கொண்டுபோய்ப் போடுவது அவர்களுக்குப் பெரிய அவமரியாதை. அவர்களுடைய தலைவர் ஆல்பர்ட் ஹேல் எதிர்ப்புத் தெரிவித்தார். நாசா மன்னிப்புக் கேட்டது, இனி இப்படி ஏதாவது செய்வதாக இருந்தால் உங்களோடு பேசிவிட்டுச் செய்கிறோம் என்றது. அந்தக் கலத்தையும் 1999 ஜூலை 31 அன்று தென்துருவத்தில் ஒரு பள்ளத்தில் மோதவிட்டார்கள், அதுவும் தண்ணீர் தேடித்தான். அந்தத் தடவை எதுவும் கிடைக்கவில்லை. நான் இதைச் சொல்வதற்குக் காரணம், அன்றைக்கு ஒரு சிறிய இனத்தின் மனவருத்தத்தைக் கேட்டு மன்னிப்புக் கேட்டதால் விஞ்ஞானம் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. 

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிலாவில் குண்டு என்றதும் பயந்த அமெரிக்கர்களின் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1958-ல் அமெரிக்க விமானப்படை உண்மையாகவே நிலாவில் ஒரு அணுகுண்டை வெடிக்க ஆராய்ச்சி நடத்தியது. வெடிப்பு பூமியிலிருந்து தெரிய வேண்டும், ரஷ்யாக்காரன் பார்த்து மிரள வேண்டும் என்பதுதான் நோக்கம். பின்னாளில் பிரபல வானியலாளரான கார்ல் சேகன்கூட, அப்போது இளைஞர், அந்த ஆராய்ச்சியில் இருந்தார். நல்லவேளையாகக் கைவிட்டார்கள். அதில் வேலை செய்த லெனார்ட் ரீஃபல் என்ற இயற்பியலாளர் 2000-ல் விவரமாக வெளியே சொல்லும்வரை பொதுமக்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 1967-ல் வந்த விண்வெளி ஒப்பந்தப்படி நிலா எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, அங்கே ஆயுதம் வைக்கக் கூடாது, அணுகுண்டு கூடவே கூடாது. நிஜமான குண்டு எது என்று தெரிந்திருந்தால் ஒரு காலி ராக்கெட்டைக் குண்டு என்று எழுதக் கை வருமா?

இந்த 2009-ஆம் வருடத்திலேயே நிலாவில் வேண்டுமென்றே மோதவிடப்பட்ட மூன்றாவது ஆள் எல்கிராஸ். மார்ச் 1 அன்று சீனாவின் சாங்-இ 1, ஜூனில் ஜப்பானின் ககுயா. யாராவது அழுதார்களா, கையெழுத்து வாங்கினார்களா? செய்தியே பாதிப் பேருக்குத் தெரியாது. 1959-லேயே ரஷ்யாவின் லூனா 2 முதன்முதலாகப் போய் மோதியாகிவிட்டது. அப்பல்லோ காலத்தில் இந்த சென்டாரைப் போல ஐந்தாறு மடங்கு எடையுள்ள ராக்கெட் பகுதிகளை, ஒன்றல்ல ரெண்டல்ல ஐந்து தடவை, வேண்டுமென்றே நிலாவில் விழவிட்டார்கள், அங்கே வைத்துவிட்டு வந்த அதிர்வு மானிகள் நிலாவின் உள்ளே என்ன இருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பதற்காக.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் கதைக்கே வருவோம். 2008 நவம்பர் 14, நேரு பிறந்தநாள், இரவு எட்டரை மணி. சந்திரயானிலிருந்து பிரிந்த சுமார் 35 கிலோ எடையுள்ள பெட்டி, நான்கு பக்கமும் தேசியக்கொடி வரைந்த பெட்டி, 25 நிமிடம் கீழே இறங்கி நிலாவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில், ஷேக்கிள்டன் பள்ளத்தருகே மோதியது. அதுவும் மோதல்தான், வேண்டுமென்றே செய்ததுதான். அப்படி ஒன்று வேண்டும் என்று யோசனை சொன்னவர் அப்துல் கலாம் அய்யா, திட்டத்தை நடத்தியவர் பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. அன்று உங்கள் பத்திரிகை 'நிலவில் இந்தியக் கொடி' என்று போட்டது. நானும் இங்கே ஆபீஸில் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன். அம்மா ஊரிலிருந்து போன் பண்ணி "நம்ம பிள்ளைங்க சாதிச்சுட்டாங்கடி" என்று சந்தோஷப்பட்டாள். கடலைப் பற்றி அன்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாம் மோதினால் கொடி, அவர்கள் மோதினால் குண்டு என்று எழுதுவது சரியா சார்? நம் பெட்டி போலத்தான் அவர்கள் ராக்கெட்டும், எடைதான் கூடுதல்.

அக்டோபர் 9 விடியற்காலை எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டோம். அம்மா குளித்து விளக்கேற்றிவிட்டுத்தான் டிவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். மணி நாலு முப்பத்தொன்று. திரையில் சாம்பல் நிறத்தில் பள்ளங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. என் பெண்ணுக்கு எட்டு வயது, போர்வைக்குள்ளிருந்து "இடிச்சாச்சா? இடிச்சாச்சா?" என்று கேட்டபடி இருந்தாள். இடித்துவிட்டது, ஆனால் ஒன்றுமே தெரியவில்லை. வெளிச்சமும் இல்லை, புழுதியும் இல்லை. நாலு நிமிடம் கழித்து, ராக்கெட்டுக்குப் பின்னால் படம் எடுத்தபடி போன எல்கிராஸ் கலமும் மோதியது, படம் நின்றது. அம்மா எழுந்து ஜன்னல் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான்.

அன்று காலையிலிருந்தே ஜனங்களின் பேச்சு தலைகீழாக மாறியது. முந்தின நாள் நிலா உடைந்துவிடும் என்று பயந்தவர்கள், இப்போது 'இதுக்கா 79 மில்லியன் டாலர்' என்றார்கள். பத்து அங்குல டெலஸ்கோப் இருந்தால் வீட்டிலிருந்தே புழுதி எழும்புவதைப் பார்க்கலாம் என்று நாசா முன்பே சொல்லியிருந்தது, அனிமேஷன் படத்தில் பெரிய புழுதி மேகம் காட்டியிருந்தார்கள். அதை நம்பி ராத்திரி முழுக்கக் குளிரில் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு விழித்திருந்தவர்களுக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்! அவர்கள் மேல் எனக்கு வருத்தம்தான் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் சந்தோஷத்தில் கையை உயர்த்த, பக்கத்தில் இருந்தவர் கவனிக்காமல் விட்டுவிட்ட ஒரு சின்ன வீடியோ துண்டு, அதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரித்தார்கள். பல வருடம் உழைத்த மனிதர்கள் அவர்கள். ஆகஸ்டில் ஒரு கருவிக் கோளாறினால் கலத்தில் அப்போது இருந்த எரிபொருளில் பாதிக்கும் மேல் வீணாகியும், மிச்சத்தை வைத்துக் குறி தவறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. ராக்கெட் மோதிய கேபியஸ் என்ற பள்ளத்தின் அகலமே சுமார் 100 கிலோமீட்டர், தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நிலாவின் அச்சு ஒன்றரை டிகிரிதான் சாய்ந்திருக்கிறது, அதனால் துருவத்துப் பள்ளங்களின் அடியில் சூரியன் எட்டிப் பார்ப்பதே இல்லை, கோடிக்கணக்கான வருடமாக இருட்டு. குளிர் சைபருக்குக் கீழே 200 டிகிரியையும் தாண்டும். அப்படிப்பட்ட இடத்தில்தான் ஐஸ் ஆவியாகாமல் தங்கும். அதைத் தோண்டிப் பார்க்க ஆளை அனுப்ப முடியாது, எனவே எப்படியும் குப்பையாகப் போகப்போகிற காலி ராக்கெட்டை மண்வெட்டியாக்கி ஒரு வெட்டு வெட்டி, எழும்பும் புழுதியைப் பின்னால் வரும் கலத்தின் கருவிகளால் சோதித்தார்கள். புழுதி எழும்பத்தான் செய்தது, கலத்தின் கேமராவில் பதிவாகியும் இருக்கிறது. நாம் எதிர்பார்த்த அளவு உயரமும் வெளிச்சமும் இல்லை, பூமியிலிருந்து பார்த்தால் மலைவிளிம்பும் மறைத்தது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் நவம்பர் 13 வந்தது. ஆய்வுக்குழுத் தலைவர் ஆண்டனி கோலாப்ரீட், கருவிகள் கண்ட தண்ணீர் சுமார் ஒரு டஜன் வாளி இருக்கும் என்றார். லிட்டரில் நூறுக்குக் கிட்ட. நான் அம்மாவுக்கு அதைக் குடத்தில் சொன்னேன், ஏழெட்டுக் குடம். இருபது முப்பது மீட்டர் அகலமுள்ள ஒரு சின்னக் குழியிலிருந்து எழும்பிய புழுதியில் மட்டும் அவ்வளவு. செப்டம்பர் 24 அன்றுதான் நம் சந்திரயானில் வைத்து அனுப்பிய நாசாவின் கருவி, நிலாவின் மேல்மண்ணில் நீர் ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்த செய்தி வந்தது. மேலே இருப்பதைச் சந்திரயான் காட்டியது, இருட்டுக்குள் புதைந்திருப்பதை எல்கிராஸ் காட்டியது, ரெண்டும் இரண்டே மாதத்துக்குள். இந்த ரெண்டையும் சேர்த்து ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்க வேண்டாமா நீங்கள்?

அம்மா மாசாமாசம் மூன்றாம் பிறை பார்ப்பவள். எங்கள் பால்கனி கிழக்குப் பார்த்தது, அதனால் கார் நிறுத்தும் இடத்துக்கு இறங்கிப்போய், ரெண்டு கட்டிடத்துக்கு நடுவில் மேற்கு தெரியும் சந்தில் நின்று பார்ப்பாள், பார்த்ததும் முந்தானையில் முடிந்துவைத்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். தீபாவளி கழித்து வந்த பிறைக்கு நானும் கூடப் போய் நின்றேன். "எந்தப் பக்கம்டி இடிச்சாங்க?" என்றாள். பிறையின் தெற்கு நுனிக்குக் கிட்ட, இங்கிருந்து தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் அந்த நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் செய்தி வந்த அன்று, "அங்க இருக்கிற தண்ணிய யார் எடுத்துக்குவாங்க, அமெரிக்காவா?" என்று கேட்டாள். யாருக்கும் சொந்தமில்லை என்று 1967 ஒப்பந்தத்தைச் சொன்னேன். "சொந்தமில்லன்னு எழுதி வெச்சுட்டா எடுக்காம இருப்பாங்களா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காவிரித் தண்ணீருக்குக் கடைமடையில் காத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் கேட்கும் கேள்வி அது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். எல்கிராஸ் எடுத்த அந்தப் புழுதிப் படத்தை உங்கள் பத்திரிகையில் போடுங்கள், அது குண்டு இல்லை என்று உங்கள் பெயரிலேயே எழுதுங்கள், முதல் பக்கத்தில். முடிந்தால் அண்ணாதுரை அவர்களிடமே ஒரு கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்கள், நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி. பயந்து உங்களுக்குக் கடிதம் எழுதிய வாசகர்கள் இருந்தால் அவர்களுடைய கேள்விகளையும் அப்படியே போட்டு, கீழே பதில் கொடுங்கள், அந்தத் தண்ணீர் யாருக்கு என்ற கேள்வியையும் சேர்த்து. அம்மா ஜனவரியில் ஊர் திரும்புகிறாள். அதற்கு முன் வந்தால் இங்கேயே கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டிவிடுவேன். பிந்தினால் நாகப்பட்டினத்தில் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தாளாகவே படிப்பாள், அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
சன்னிவேல், கலிபோர்னியா.
15 நவம்பர் 2009